கோல சிலாங்கூருக்குச் சென்ற ரோம் பியூட்டி

என் தங்கை பாக்கியம் மணமாகி மலாயாவுக்குக் கப்பலேறி முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆவணியில் அவளைக் காண நான் முதன்முறையாக அந்நாட்டுக்குச் சென்றேன். அழைப்புக் கடிதத்தில் அவள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். "சேலை வேண்டாம், பாத்திரம் வேண்டாம். சாந்திக்குப் பரிசம் போடுகிறார்கள். எதிர்த்தட்டில் வைக்க நம் மலை ஆப்பிள் கொண்டு வா. நான் பொய் சொல்லவில்லை என்று இவர்கள் ஒருநாளாவது பார்க்கட்டும்."

சாந்தி அவள் மகள்; எதிர்த்தட்டு என்பது பெண்வீட்டார் பதிலுக்குத் தரும் சீர்த்தட்டு. இக்கடிதத்தின் பொருள் எனக்கு விளங்கியது. பாக்கியம் வாழ்க்கைப்பட்ட தோட்டம் கோல சிலாங்கூரிலிருந்து ஏழெட்டு மைல் தொலைவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவே இருக்கிறது. அங்குள்ளோர்க்கு ஆப்பிள் என்பது ஆஸ்திரேலியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலில் வரும் பண்டம். தமிழ்நாட்டில் ஆப்பிள் விளைகிறது என்று போன புதிதில் இவள் சொல்ல, கேட்டவர்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவளுக்கு 'ஆப்பிள் பாக்கியம்' என்று பெயர். கதை அளப்பவள் என்பது அதன் உட்பொருள். இப்போது அந்தப் பெயர் செரண்டாவில் உள்ள மாப்பிள்ளை வீட்டார் காதுக்கும் எட்டிவிட்டது. தாயின் சொல்லுக்கு மதிப்பில்லாத வீட்டிலிருந்து மகள் மணமாகிப் போவதா என்பதே அவளுடைய கவலை.

நான் கோடைமலையில் ஒரு பழத்தோட்டத்தின் கிடங்குக் காப்பாளன். வரும் ஆண்டில் ஓய்வு பெறவேண்டியவன். பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆப்பிளைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் தோட்டத்துரை விட்டுச் சென்ற ஆங்கிலப் புத்தகங்களை அகராதி துணைகொண்டு எழுத்துக்கூட்டிப் படித்ததும், கிடங்கில் கையால் தொட்டு அறிந்ததுமே ஆகும்.

நான் எடுத்துச் சென்ற இனத்துக்கு ரோம் பியூட்டி என்று பெயர். இத்தாலி தேசத்து ரோமாபுரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரையில் அதே பெயருடைய சிற்றூர் ஒன்று இருக்கிறதாம். நாற்றுகளோடு வந்த ஒட்டுக்கன்று ஒன்றில், ஒட்டுக்குக் கீழே வேர்ப்பகுதியிலிருந்து ஒரு தளிர் கிளம்பியிருந்தது. அவ்வகைத் தளிரை வெட்டி எறிவதே முறை. அந்தக் கன்றைக் கழிவென்று ஒதுக்கி ஆற்றோரத்தில் நட்டார்கள். ஒட்டுக்கிளை பின்தங்க, வேண்டாத தளிர் மரமாகி உருண்டு சிவந்த பழம் தந்தது என்று புத்தகம் கூறுகிறது. அத்தளிரின் குச்சிகளை ஒட்டுக்கட்டியே உலகமெங்கும் இவ்வினம் பரவிற்று. எங்கள் மலைக்கு வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது.

இதன் தோல் தடிப்பு, சதை கெட்டி. பச்சையாய்த் தின்பதைவிடச் சமையலுக்கு உகந்தது என்பார்கள். நடுவே துளைத்துச் சர்க்கரையும் பட்டையும் அடைத்துச் சுட்டால் உருக்குலையாமல் நிற்கும். துரைமார் பங்களாக்களில் அவ்வாறே செய்தனர். பிற்பருவத்துப் பழமாதலால் குளிரில் மாதக்கணக்கில் தாங்கும். வெப்பத்தில் விட்டால் மட்டும் மேலே செந்நிறம் மாறாமலிருக்க, உள்ளே மாவாகிவிடும். இது இதன் கள்ளத்தனம்.

இன்னொன்றையும் இங்கே கூறிவிடவேண்டும். எங்கள் தந்தையார் அதே தோட்டத்தில் காவலாளியாக இருந்தார். மரத்தடியில் உதிர்ந்த பழத்தைக்கூட அவர் பிள்ளைகள் தொடக்கூடாது. தொட்டால் அவர் வேலை போகும். நான் முதல் ஆப்பிளைத் தின்றது கிடங்கில் சேர்ந்த பிறகு, இருபத்தெட்டாம் வயதில். பாக்கியம் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டாள். முப்பத்திரண்டு ஆண்டுகளாக அவள் வழக்காடியது தன் வாயில் ஒருமுறையும் படாத பழத்துக்காக. இது அவளுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த செய்தி.

அறுபது பழங்களைக் காம்போடு பறித்து, ஓர் இரவு வெளியே வைத்துச் சூடு தணித்து, ஒவ்வொன்றையும் நாளிதழ்த் தாளில் சுற்றி, மரச்சுருள் பரப்பிய பெட்டியில் அடுக்கினேன். தோட்டக்கலை அலுவலகச் சான்றும் உடன் இருந்தது. கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி ஒரு பழத்தை நறுக்கிப் புழு தேடிவிட்டு, மற்ற ஐம்பத்தொன்பதையும் என்னிடம் ஒப்படைத்தார்.

வெளியே தங்கையின் கணவர் மாரிமுத்து காத்திருந்தார். அவர் தோட்டத்தில் மண்டோர், அதாவது மேஸ்திரி. கரிய, உயர்ந்த மனிதர்; அளந்து பேசுபவர். இருவரும் கோல சிலாங்கூர்ப் பேருந்தில் ஏறினோம். பெட்டியை மடியில் வைத்திருந்த என்னைப் பார்த்து, அடுத்த இருக்கையிலிருந்த சீன மூதாட்டி மலாய் மொழியில் ஏதோ வினவினார். மாரிமுத்து விடை சொன்னதும் முன்னிருக்கை பின்னிருக்கையெல்லாம் சிரித்தன.

"என்ன கேட்டாங்க மாப்பிள்ளை?"

"பெட்டிக்குள்ள என்னான்னு கேட்டுச்சு. ஆப்பிள்னேன். இந்தியாவுல இருந்து ஆப்பிளா, பாசார்ல மலையா குவிஞ்சி கெடக்கே, அந்தக் கெழவனுக்கு யாரும் சொல்லலையான்னு கேக்குது."

பாசார் என்பது சந்தை. நான் பெட்டியை இன்னும் சற்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கோல சிலாங்கூரில் சுதந்திர தினக் கொடிகள் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அங்கிருந்து தோட்டத்துக்கு மாரிமுத்துவின் மோட்டார் சைக்கிள். முந்தின நாள் மழையில் செம்மண் சாலை குழைந்திருந்தது. எதிரே செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரி வந்தது. ஒதுங்குகையில் வண்டி சறுக்கிற்று. வண்டியைப் பிடிப்பதற்குப் பதிலாக நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டமையால், சாலையோரக் காட்டாமணக்குப் புதரில் மல்லாந்து விழுந்தேன். பெட்டி என் மார்பின்மேல் பத்திரமாக இருந்தது.

"மச்சான், அடி பட்டுச்சா?"

"எனக்கா, பழத்துக்கா?"

"ஒங்களுக்குத்தான் லா." அங்கே பேச்சின் முடிவில் இந்த 'லா' தானாக ஒட்டிக்கொள்ளும்.

எனக்குச் சிராய்ப்பு மட்டுமே. பழங்களில் ஆறு நசுங்கியிருந்தன. நசுங்கியதை மற்றவற்றோடு வைத்தால் எல்லாம் கெடும் என்பது கிடங்கின் முதல் விதி. லயத்தை அடைந்ததும் அவற்றைப் பிரித்தெடுத்தேன். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. செய்தி பரவி, அண்டை அயலார் எங்கள் வாசலில் கூடிவிட்டனர். பழத்தைவிட அதைச் சுற்றிய தமிழ்நாட்டு நாளிதழ்த் தாள்களுக்கே அங்கே மதிப்பு. ஆளுக்கொன்றாக எடுத்து நீவி விரித்துப் படிக்கத் தொடங்கினர்.

ஆறு பழங்களையும் நறுக்கி எல்லோருக்கும் கொடுத்தாள் பாக்கியம். தான் மட்டும் ஒரு துண்டும் எடுக்கவில்லை.

"தட்டுல வெக்கிறதுக்கு முன்னாடி பொண்ணப் பெத்தவ வாயில வெக்கக் கூடாது" என்றாள். பொதுவான வழக்கந்தான், ஆயினும் அவள் அதைச் சற்று விரைந்து சொன்னதாக எனக்குத் தோன்றியது.

"புளிப்பா இருக்கு. தோலு மாட்டுத்தோலு மாரி" என்றார் மாரிமுத்து.

"ஒங்களுக்கு அந்த மெழுகு பூசுனதுதான் ருசிக்கும்" என்று அவள் விடையிறுத்தாள்.

"ஆப்பிள் பாக்கியத்துக்குக் கோவத்தப் பாரு" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை.

பரிசத்துக்கு ஒன்பது நாள்கள் இருந்தன. மறுநாள் நடுப்பகலில் துத்தநாகக் கூரைக்குக் கீழே அமர்ந்தபோது, இவ்வீட்டில் மூன்று நாளுக்குமேல் ஆப்பிள் தாங்காது என்று உணர்ந்தேன். என் மருமகள் சாந்தி கோல சிலாங்கூரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சுப் பணி செய்கிறாள். அவளிடம் குளிர்பெட்டி உண்டா என்று கேட்டேன்.

"இங்க கரண்டே ஈவினிங்தான் மாமா, ஜெனரேட்டர் போட்டாத்தான். கிராணி வீட்டுல fridge இருக்கு. ஆனா அதுல அவங்க மீன், அவங்க கோழி, அவங்க எல்லாம் இருக்கு."

கிராணி என்பவர் தோட்டத்து எழுத்தர். அவர் வீட்டுப் பெட்டியில் இடமில்லையென்றதும் மாரிமுத்து ஒரு யோசனை சொன்னார். கோல சிலாங்கூர் ஆற்றங்கரையில் அவருக்குப் பழக்கமான சீன மீன் வியாபாரி ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரைத் தவுக்கே என்றே அழைக்கின்றனர். முதலாளி என்று பொருள். அவரிடம் பனிக்கட்டி அறை உண்டு.

சென்று பார்த்தோம். படகுகள் ஆற்றில் வரிசையாக நின்றன. கரையில் பாய் பாயாக இறால் காய்ந்தது. தவுக்கே, அரைக்காற்சட்டையும் வெண்பனியனுமாக, அறைக்கதவைத் திறந்தார். எங்கள் மார்கழியை ஒத்த குளிர் முகத்தில் வந்து மோதியது. உடன் வந்தது மற்றொன்று.

"இதவிடக் குளுரான எடம் இந்த டிஸ்திரிக்லயே இல்ல மச்சான்" என்றார் மாரிமுத்து.

"குளிரு சரிதான் மாப்பிள்ளை. ஆனா ஆப்பிளு பக்கத்துல இருக்கிற வாசனைய எல்லாம் உறிஞ்சிக்கும். எங்க கிடங்குல வெங்காயம், மண்ணெண்ணெய், எதையும் உள்ள விடமாட்டேன். இதுல வச்சா, பரிசத்தன்னைக்குக் கடிச்சவங்களுக்கு நெத்திலி வாசம் வரும்."

மாரிமுத்து இதை மலாயில் எடுத்துரைத்தார். தவுக்கே சிரித்துவிட்டு அளித்த விடையைத் தமிழில் சொன்னால் இவ்வாறிருக்கும்: "அப்படியானால் என் மீனுக்கு ஆப்பிள் வாசனை வருமா? வருமென்றால் இலவசமாகவே வைத்துக்கொள்ளலாம்."

நான் மறுத்துவிட்டேன். என் மறுப்பில் சற்றுப் பெருமிதமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னே செங்கற்சுவரும் ஓட்டுக்கூரையுமாய் ஒரு பண்டக அறை இருந்தது. மேலே ஒரு பெருமரத்தின் நிழல். உள்ளே கால் வைத்ததுமே இதுதான் இடம் என்று தீர்மானித்தேன். மாரிமுத்து தன் வீட்டுப் பின்புறம் இதற்கென்றே ஓராண்டாக வளர்த்த ரஸ்தாளி வாழைத் தார்கள் ஆறு, முற்றிய பச்சைக் காய்களாக உத்தரத்தில் தொங்கின. மகளின் பரிசத்தன்று பழுக்கும்படி நாள் பார்த்து வெட்டியிருந்தார். ஒன்பது எதிர்த்தட்டுகளுக்கும் ஒவ்வொரு சீப்பு, மீதி விருந்துக்கு. என் ஆப்பிள்களைத் தட்டுக்கு ஐந்தாக அவற்றின் அருகே வைப்பதாக ஏற்பாடு.

வாழைக்காய்க்கு வாசனையில்லை; ஆகவே ஆப்பிளுக்குத் தீங்கில்லை என்று முடிவு செய்தேன். தரையில் நீர் தெளித்தேன். ஈரச்சாக்கைப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தினேன். வெப்பக்காற்று நுழையாதபடி கதவையும் சாளரத்தையும் அடைத்தேன். மேற்கு மூலையில் உயரே இருந்த சிறு காற்றுத்துளை மட்டும் கைக்கு எட்டாமையால் அப்படியே விடப்பட்டது.

"மச்சான் ஆசுபத்திரி மாரி வச்சிருக்கீங்க" என்றார் மாரிமுத்து. அது பாராட்டு.

அடுத்த இரு நாள்கள் ஓய்வாகக் கழிந்தன. கோல சிலாங்கூரில் கலங்கரை விளக்கமும் பழைய பீரங்கிகளும் உள்ள மலையொன்று இருக்கிறது என்று அழைத்துச் சென்றனர். அதை மலையென்று அழைப்பது அவர்களின் பெருந்தன்மை. எங்களூரில் அதைவிட உயரமான இடத்தில் மாட்டுக்கொட்டகை கட்டுவோம். ஆயினும் அங்குள்ள சாம்பல்நிற மந்திகள் எங்கள் மலைக் குரங்குகளைவிட ஒழுக்கமுடையவை. கையில் கொடுத்தால் மட்டுமே வாங்கிக்கொள்கின்றன. காலையில் வாழையிலையில் பொதிந்த தேங்காய்ப்பாற் சோறு, வறுத்த நெத்திலி, உறைப்பான சம்பல். எனக்கு நெத்திலியின்மேல் மனத்தாங்கல் ஏதுமில்லை என்பதை இரண்டு பொட்டலம் உண்டு மெய்ப்பித்தேன். தேநீரைக் கைக்கெட்டிய உயரத்திலிருந்து ஆற்றி, கெட்டிப்பாலின் இனிப்போடு தருகிறார்கள். குடித்து முடித்த பின்பும் சற்று நேரம் பேச வராது.

ஐந்தாம் நாள் தட்டுகளின் முறை பேசுவதற்காக நானும் மாரிமுத்துவும் செரண்டாவுக்குச் சென்றோம். இருப்புப்பாதையை ஒட்டி மாப்பிள்ளையின் வீடு. மாப்பிள்ளை ரவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தார். எங்களோடு பேசியவர் அவருடைய தாய்மாமன் கோவிந்தசாமி. இரயில் தண்டவாள வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உரத்த குரலும் உரத்த சிரிப்பும் உடையவர். பெண்ணின் தாய்மாமன் நான். ஆகவே எங்களிருவருக்கும் ஒரே தகுதி. அதை நினைவூட்டுவதில் அவருக்கு மகிழ்ச்சி.

"சம்பந்தி, நம்ம ஊர்ல ஆப்பிள் வெளையுதுன்னு ஒங்க தங்கச்சி சொல்லுதாம். நானும் ஊருக்குப் போய்ட்டு வந்தவன்தான். மெட்ராஸ்ல எறங்குன அன்னைக்கே முதுகுத்தோலு உரிஞ்சிபோச்சு. அந்த வெயில்ல ஆப்பிளா?"

"அது கடக்கரைங்க. எங்க ஊரு ஏழாயிரம் அடி மேல இருக்கு. தை மாசம் வாளித் தண்ணி மேல பனி ஏடு கட்டும்."

"பாத்தியா மாரிமுத்து, அண்ணனும் தங்கச்சியும் ஒரே மாரி பேசுறாங்க."

மாரிமுத்து தேநீரை எடுத்து ஆற்றத் தொடங்கினார்.

"சரி, தட்டுல பாப்போம்" என்றார் கோவிந்தசாமி. "பாசார்ல வாங்கி மெழுகத் தொடச்சி வச்சிருந்தீங்கன்னா நாங்க சிரிப்போம். கோவிச்சிக்கக் கூடாது லா. அப்புறம் அந்தம்மா சொல்ற எதையும் நாங்க சீரியஸா எடுத்துக்க மாட்டோம், அவ்வளவுதான்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அது விளையாட்டன்று என்பதை இருவரும் அறிந்தே விடைபெற்றோம்.

திரும்பும் வழியில் பேருந்து பத்தாங் பெர்ஜுந்தையருகே நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கினார், பார்த்தார், ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அதிலிருந்தே நிலைமை விளங்கிற்று. அங்கே மாரிமுத்துவின் உறவினர் வீட்டில் தங்கி மறுநாள் நண்பகலில்தான் தோட்டத்தை அடைந்தோம். ஆக, பண்டக அறை ஒன்றரை நாள் திறக்கப்படாமல் கிடந்தது. திறவுகோல் என் இடுப்பில் இருந்தது.

கதவைத் திறந்ததும் இனிய மணம் வீசியது. ஆப்பிள் மணமன்று. தலையுயர்த்திப் பார்த்தேன். பச்சையாய் விட்டுச் சென்ற தார்கள் பொன்மஞ்சளாகத் தொங்கின. சிலவற்றில் கரும்புள்ளிகூட விழுந்திருந்தது. மாரிமுத்து ஒரு சீப்பைத் தொட்டார். இரு பழங்கள் காம்பு விட்டு அவர் கையில் வந்தன.

"இன்னும் மூணு நாளு இருக்கே" என்றார். வெளியே சென்று மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

காரணம் புரியாமல் நான் சுவரைத் தடவினேன், கூரையைப் பார்த்தேன். விடை அன்று மாலை தவுக்கேயிடமிருந்து வந்தது. விருந்துக்கு மீன் சொல்ல மாரிமுத்துவுடன் சென்றிருந்தேன். வாழை பழுத்த செய்தி கேட்டு அவர் மலாயில் சொன்னதை மாரிமுத்து என் முகத்தைப் பாராமல் மொழிபெயர்த்தார்: "உன் மச்சான் ஆப்பிளிலேயே வாழ்ந்தவர் என்றாயே. சாமிக்கு வைக்க வாழை பழுக்காவிட்டால் என் மனைவி காயைப் பைக்குள் போட்டு, கூடவே ஓர் ஆப்பிளையும் வைத்துக் கட்டுவாள். அதுகூட இவருக்குத் தெரியாதா?"

தெரியாது. முப்பது ஆண்டுகள் ஆப்பிளை மற்றவற்றிடமிருந்து காத்தேன். மற்றவற்றை ஆப்பிளிடமிருந்து காக்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் கிடங்கில் ஆப்பிளைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. ஆப்பிளிலிருந்து கிளம்பும் ஏதோ ஒரு மூச்சு காயைப் பழுக்கவைக்கிறது. நானோ காற்றுப் புகாமல் கதவை வேறு அடைத்திருக்கிறேன்.

திரும்பி வந்து மாரிமுத்துவிடம், "தப்பு என்னோடது மாப்பிள்ளை" என்றேன்.

"தப்பு சரி பேசி என்னா ஆவப்போவுது மச்சான்." பின் அவரே தொடர்ந்தார். "ஒரு வருசம் தண்ணி ஊத்துனேன். என் மவ பரிசத்துல என் கையால வெளைஞ்சது ஒண்ணாவது இருக்கணும்னு. ஒங்க தங்கச்சிக்கு ஆப்பிளு எப்படியோ, எனக்கு இது அப்படி."

இவ்வளவு நீளமாக அவர் பேசிக் கேட்டது அன்றுதான். பாக்கியம் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு பண்டக அறைக்குள் சென்றாள். ஒவ்வொரு தாராகத் தடவிப் பார்த்து, மேற்கு மூலையில் காற்றுத்துளைக்கு நேர்கீழே தொங்கிய தாரின்முன் நின்றாள்.

"இங்க வாங்க" என்று கணவரை அழைத்தாள். "இது இன்னும் பச்ச விடல. காத்து பட்டிருக்கு."

உண்மைதான். என் கைக்கு எட்டாத துளை அந்த ஒரு தாரைக் காத்திருந்தது. அதில் ஏழு சீப்புகள் தேறின. மாரிமுத்து அவற்றைத் தாமே தூக்கிச் சென்று வீட்டுத் தாழ்வாரத்தில் காற்றோட்டமாகக் கட்டினார். எட்டாவது, ஒன்பதாவது தட்டுகளுக்கு அடுத்த வீட்டார் தம் கொல்லையிலிருந்து இரு சீப்புகள் தந்தனர். மற்ற ஐந்து தார்ப் பழங்களையும் பாக்கியமும் சாந்தியும் மாவில் தோய்த்துப் பொரித்தனர். இதனைப் பீசாங் கோரேங் என்கிறார்கள். எங்கள் பஜ்ஜியின் உறவுதான். பழுத்த பழத்தில் செய்வதால் இனிப்பு மிகுதி. இரண்டு நாள் முழுவதும் லயத்துக்கு அதுவே காலை, அதுவே மாலை.

"ஆப்பிள் பாக்கியம், ஒங்கண்ணன இன்னும் ஒரு மாசம் இருக்கச் சொல்லு" என்று ஒருவர் தட்டை நீட்டினார். "கம்பத்துல இருக்கிற காயெல்லாம் பழுக்க வச்சிரலாம்." கம்பம் என்றால் அங்கே ஊர்.

இம்முறை பாக்கியமும் சிரித்தாள்.

பரிசத்தன்று காலை ஆப்பிள்களைச் சோதித்தேன். ஐந்து மிருதுவாகிவிட்டன, நாற்பத்தெட்டு எஞ்சின. கட்டைவிரலால் அழுத்தினால் தோல் தாங்கிற்று. ஆனால் அதற்கடியில் எதுவோ தளர்ந்திருந்தது. எங்கள் கிடங்கென்றால் அன்றே கழித்திருப்பேன். தங்கையிடம் சொல்லவில்லை. நிறம் மட்டும் மாறவேயில்லை, குங்குமம்போல் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்தனர். தட்டுகள் கைமாறின. நாங்கள் தந்த ஒன்பது எதிர்த்தட்டுகளிலும் மாரிமுத்துவின் வாழைக்கும் அடுத்த வீட்டு வாழைக்கும் வேறுபாடு தெரியவில்லை. மாரிமுத்துவுக்கு மட்டும் தெரிந்திருக்கும். கோவிந்தசாமி ஓர் ஆப்பிளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். மெழுகுப் பளபளப்பு இல்லை. காம்பருகே செம்பழுப்பு வரிகள் இருந்தன.

"சம்பந்தி, என்னா துணியால தொடச்சீங்க? நல்லாத்தான் தொடச்சிருக்கீங்க."

நான் வாய் திறப்பதற்குள் லயத்தார் பக்கமிருந்து குரல் எழுந்தது. "தொடைக்கிறதாவது. எங்க மண்டோரு வாழத்தாரு அஞ்ச ஒரே நாள்ல பழுக்க வச்ச பழம்ங்க அது. ரெண்டு நாளா பீசாங் கோரேங் தின்னு வயிறே மஞ்சளாயிடுச்சு."

"அது எந்த ஆப்பிளு வச்சாலும் பழுக்கும் லா" என்றார் கோவிந்தசாமி. சபை சிரித்தது. அவர் கத்தி கேட்டு வாங்கி, பழத்தை நான்காகப் பிளந்தார். ஒரு துண்டைத் தாமே வாயிலிட்டு மென்றார். அவர் முகத்தில் ஐயம் தெரிந்தது. பாசார்ப் பழத்தைப் போலவும் இல்லை. பெருமை பேசத்தக்கதாகவும் இல்லை. மற்றொரு துண்டைப் பாக்கியத்திடம் நீட்டினார்.

"தங்கச்சி, நீங்கதான் அங்கயே பொறந்து வளந்தவங்க. சின்ன வயசுல தின்னது இதுதானான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புறேன். அப்புறம் பேச்சே இல்ல."

சாந்தி தாயைப் பார்த்தாள். பாக்கியம் துண்டை வாங்கினாள்; முந்தானையில் துடைத்தாள்; வாயிலிட்டாள். நான் அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக மென்றாள். விழுங்குவதற்கு முன் ஒருமுறை நின்றாள்.

"அப்படியே இருக்குண்ணே" என்றாள் அவரிடம். "மரத்தடியில ஒக்காந்து தின்ன மாரியே இருக்கு."

கோவிந்தசாமி தலையசைத்தார். "அப்ப சரி" என்று எஞ்சிய துண்டொன்றை என்னிடம் தந்தார். வாயிலிட்டேன். வேகவைத்து ஆறிய மரவள்ளிபோல் மாவாகக் கரைந்தது.

"ஆமாங்க. அதேதான்" என்றேன்.

அவர் தம் வீட்டாரை நோக்கித் திரும்பி, தங்கச்சி வீட்டு ஆப்பிளைப் பத்திரமாகக் கொண்டு போகும்படி பணித்தார். தாம்பூலம் மாறியது. வேன்கள் புறப்படும்போது, ஒவ்வொரு பெண்ணின் மடியிலும் ஒரு தட்டும், தட்டில் செந்நிறமும் தெரிந்தன.

விருந்து முடிந்தபின் பாக்கியம் பின்கட்டில் பெரிய சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தட்டுக்குப் போக எஞ்சிய மூன்று ஆப்பிள்கள் திண்டின்மேல் இருந்தன. நான் அருகில் சென்று அமர்ந்தேன்.

"அண்ணே, இது இப்படித்தான் மாவா இருக்குமா?"

"இல்லம்மா. பறிச்ச அன்னைக்குக் கடிச்சா சத்தம் கேக்கும். தண்ணி தெறிக்கும். இங்கத்த சூட்டுல இப்படி ஆயிடுச்சு."

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"முப்பது வருசமா உண்மையச் சொன்னேன், ஒருத்தரும் நம்பல. இன்னைக்குத்தான் பொய் சொன்னேன். ஒடனே நம்பிட்டாங்க."

எனக்கும் அதில் பங்குண்டு.

"அடுத்த தடவ நீ கொண்டு வராத" என்றாள். "சாந்தி கல்யாணம் முடியட்டும். நானே வந்து மரத்துல பறிச்சித் தின்னுக்கிறேன். இப்ப யாரக் கேக்கணும்?"

"என்னத்தான். அடுத்த வருசம் வரைக்கும் கிடங்குச் சாவி என்கிட்டதான் இருக்கு."

"கேட்டா குடுப்பியா?"

ஆனி, ஆடியில் வந்தால் காய் முற்றியிருக்காது என்றும், ஆவணி பிறந்து ஒரு வாரம் கழித்து வரும்படியும் அவளுக்குச் சொன்னேன்.